கணக்கில் சேராத ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி இது: "வேலை மாற்றத்தில் ஃபீனிக்ஸ் வந்திருக்கிறேன். அலுவலக நண்பர்கள் மார்ச் மாதம் ஸ்ப்ரிங் டிரெய்னிங், அதாவது சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம், பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைக்கிறார்கள். பேஸ்பால் ஓரளவு புரியும். வெற்றியும் தோல்வியும் எந்தப் பட்டியலிலும் ஏறாத ஆட்டத்துக்குக் காசு கொடுத்துப் போவானேன்? போனால் எதைத்தான் பார்ப்பது?"

தயங்காமல் போங்கள். ஆனால் ஸ்கோர் பலகையை மறந்துவிடுங்கள். மைதானத்தில் நிற்பவர்களில் யாருக்கு இன்றைய ஆட்டம் பிழைப்புப் பிரச்சினை, யாருக்கு வெறும் உடற்பயிற்சி என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பிரிவினை கண்ணுக்குப் பிடிபட்டுவிட்டால் இந்த ஆட்டங்கள் ஜூலை மாதத்து ஆட்டங்களைவிடச் சுவையானவை என்பது என் கட்சி. அங்கே ஒரு தோல்வி 162 ஆட்டங்களில் ஒன்றாகக் கரைந்துவிடும். இங்கே ஒரு பிற்பகலில் ஒருவனுடைய ஆண்டே தீர்மானமாகிவிடலாம்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். சீசன் தொடங்கும்போது ஓர் அணியில் 26 பேருக்குத்தான் இடம். அவர்களையும் சேர்த்து, அணி தன் கைவசம் வைத்திருக்கும் பெரிய பட்டியல் 40 பேர் கொண்டது. பிப்ரவரி நடுவில் முகாம் கூடும்போதோ அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்து நிற்பார்கள். மிச்சமிருப்பவர்கள் பட்டியலில் இல்லாத அழைப்பாளர்கள். அவர்களில் இரண்டு வகை உண்டு. இருபது வயதைத் தாண்டாத, அணி பெருமையோடு காட்டிக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் ஒரு வகை. ஒரு காலத்தில் பெயர் பெற்று, முழங்கையிலோ தோளிலோ கத்தி பட்டு, கடைசியாக ஒரு வாய்ப்புக் கேட்டு வந்திருக்கும் முப்பது தாண்டியவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் பந்து வீசும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். நட்சத்திர வீரர் ஹோம் ரன் அடிப்பதைவிட எனக்கு அது முக்கியம்.

எதற்காக அவ்வளவு பதற்றம் என்றால் பணம். 2023ஆம் ஆண்டு உச்ச நிலையான மேஜர் லீகில் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7 லட்சத்து 20 ஆயிரம் டாலர். அதற்கு ஒரே படி கீழே இருக்கும் ட்ரிபிள்-ஏ நிலையில், அதே ஆண்டு கையெழுத்தான மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழுள்ள நிலைகள்) ஒப்பந்தப்படி, குறைந்தபட்சம் 35,800 டாலர். இருபது மடங்கு வித்தியாசம். 26ஆவது ஆளுக்கும் 27ஆவது ஆளுக்கும் இடையில் திறமையில் மயிரிழைதான் இருக்கும். வருமானத்தில் ஒரு வீட்டின் விலை இருக்கும். ஒன்று சொல்லிவைக்கிறேன்: அந்த ஒப்பந்தம் வரும்வரை மைனர் லீக் வீரர்களுக்கு முகாம் நாட்களில் சம்பளமே கிடையாது. ரசிகர்களிடம் டிக்கெட் விற்ற முதலாளிகள் பிள்ளைகளைச் சும்மா ஓடவிட்டார்கள். நீதிமன்றம் வரை போய், 2022இல் 18.5 கோடி டாலர் சமரசத் தொகை ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்த வழக்கு முடிந்தது.

ஆட்டம் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். முதல் ஐந்து இன்னிங்ஸ் வரை நீங்கள் பெயர் கேட்டிருக்கும் ஆட்கள் ஆடுவார்கள். பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், பிப்ரவரி இறுதியில் ஓரிரண்டு இன்னிங்ஸோடு நிறுத்திக்கொள்வார்கள். மார்ச் கடைசியில் ஐந்து, ஆறு வரை ஏற்றுவார்கள். கையைப் பக்குவப்படுத்தும் வேலை அது, அவசரப்படுத்த முடியாது. இந்தக் கட்டத்தில் மூத்த பிட்சர் ஒருவர் வரிசையாக நான்கு ஹிட் கொடுத்தால் பதற வேண்டாம். குளிர்காலத்தில் புதிதாகக் கற்ற ஒரு வீச்சை மட்டும் விடாமல் வீசிப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஜூன் மாதத்தில் அந்த நிலையில் அந்தப் பந்தை வீசவே மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், கேட்சருக்கும் தெரியும். பேட்டருக்கும் ஓரளவு தெரிந்திருக்கும். ரன் போனதைப் பார்க்காமல் அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று பாருங்கள். ஃபாஸ்ட்பாலின் வேகம் போன ஆண்டு அளவுக்கு வந்துவிட்டதா என்று பலகையில் ஓரக்கண்ணால் பாருங்கள். வேகம் பொய் சொல்வது குறைவு. எத்தனை பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) செய்தார், எத்தனை பேருக்கு வாக் (நான்கு பந்து குறி தவறியதால் சும்மா கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தார் என்பதற்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. பேட்டிங் சராசரியை நம்பவே நம்பாதீர்கள். ஒருவன் அடித்த இரண்டு ஹோம் ரன்னும் இரண்டாம் நிலை மைனர் லீக் பையனின் பந்தில் வந்திருக்கலாம்.

இதற்கு ஓட்டானியைவிட நல்ல சாட்சி கிடையாது. 2018 மார்ச்சில் ஷோஹெய் ஓட்டானி ஜப்பானிலிருந்து ஏஞ்சல்ஸ் அணிக்கு வந்து டெம்பி டியாப்லோ மைதானத்தில் ஆடியபோது 32 முறை மட்டை பிடித்து 4 ஹிட் அடித்தார். சராசரி .125. பந்துவீச்சில் நிலைமை இன்னும் மோசம். ஒன்பது இன்னிங்ஸுக்கு 27 ரன் என்ற விகிதம். மைனர் லீகுக்கு அனுப்புங்கள் என்று எழுதாத நிருபர் அரிது. ஆனால் ஸ்கோரை விட்டு அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. இடது கை பேட்டரான அவர் ஜப்பானில் பழகியபடி வலது காலை நன்றாக உயர்த்தி அடியெடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அமெரிக்கப் பிட்சர்களின் வேகத்துக்கு அந்தக் கால் தரைக்குத் திரும்புவதற்குள் பந்து கேட்சரின் கையுறைக்குப் போய்விட்டது. முகாமின் கடைசி நாட்களில் காலைத் தூக்குவதையே நிறுத்திவிட்டார். முன்னங்கால் விரல்கள் மண்ணிலேயே ஊன்றியிருக்க, குதிகாலை மட்டும் லேசாக எழுப்பி இறக்கினார். அவ்வளவுதான் மாற்றம். ஏப்ரல் முதல் வாரத்தில் அடுத்தடுத்து ஆடிய மூன்று ஆட்டங்களில் ஹோம் ரன் அடித்தார். அந்த ஆண்டின் சிறந்த அறிமுக வீரர் விருதும் அவருக்குத்தான்.

நேர் எதிரான கதை கிரிஸ் பிரையண்ட்டுடையது. 2015 மார்ச்சில் சிகாகோ கப்ஸ் அணியின் முகாமில் 9 ஹோம் ரன் அடித்தார். அந்த முகாம் காலத்தில் வேறு யாரும் அவ்வளவு அடிக்கவில்லை. பரிசாக அவரை மைனர் லீகுக்கு அனுப்பினார்கள்! தடுப்பாட்டத்தில் இன்னும் பழக வேண்டும் என்று காரணம் சொன்னது அணி. மேஜர் லீக் பட்டியலில் 172 நாள் இருந்தால்தான் ஒரு சேவை ஆண்டு, அதாவது வீரரின் உரிமைகளுக்குக் கணக்கிடும் ஆண்டு, முழுமையாகும். பிரையண்ட்டை ஏப்ரல் 17 அன்று அழைத்தார்கள். ஆண்டு முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரு நாள் குறைந்ததால் அவர் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை ஓர் ஆண்டு தள்ளிப்போனது. முறையிட்டார், 2020இல் தோற்றார். ஆக, முகாமில் நன்றாக ஆடினால் இடம் கிடைக்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

பாதியாவது நம்பச் சொல்வதற்குக் காரணம் ஆல்பர்ட் பூஹோல்ஸ். அணிகள் புது வீரர்களை முறைவைத்து எடுக்கும் 1999 டிராஃப்டில் 13ஆவது சுற்றில் எடுக்கப்பட்டவர். 2000ஆம் ஆண்டைப் பெரும்பாலும் மைனர் லீகின் கீழ்ப்படியில் கழித்தவர். 2001இல் புளோரிடாவின் ஜூபிட்டர் நகரில் கார்டினல்ஸ் முகாமுக்கு வந்தபோது அவரை அந்த ஆண்டு அணியில் சேர்க்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. எல்லா இடத்திலும் ஆடினார், எல்லாப் பந்தையும் அடித்தார், மூத்த வீரர் ஒருவருக்குக் காயம் பட்டது, கதவு திறந்தது. அந்த சீசனில் 37 ஹோம் ரன், 130 ரன்களுக்கு வழி. அந்த மார்ச்சில் ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஏழாவது இன்னிங்ஸ் என்றேன் அல்லவா, என் ஆலோசனையில் முக்கியமானது இதுதான். ஆறாவது இன்னிங்ஸ் வாக்கில் நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். பல முகாம் மைதானங்களில் வீரர்களின் அறை அவுட்ஃபீல்டு மூலையில் இருப்பதால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஃபவுல் கோட்டோரமாக நடந்தே போவார்கள். கையெழுத்து வேண்டுமானால் அந்த வேலியோரம்தான் நிற்க வேண்டும். முன்பு வீசி முடித்த பிட்சர் ஒருவர், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, அவுட்ஃபீல்டுச் சுவரை ஒட்டிய மண்பாதையில் ஓடிப் பயிற்சி செய்வதையும் பார்க்கலாம். கூட்டத்தில் பாதி கிளம்பிவிடும். நீங்கள் கிளம்பாதீர்கள். பணம் கொடுத்தவர்கள் காலி செய்த முன்வரிசை நாற்காலிகளில் அந்த நேரத்தில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் யாரும் விரட்டுவதில்லை.

இனி வருகிறவர்களின் முதுகில் 80, 90 என்று எண்கள் இருக்கும். சிலருடைய ஜெர்சியில் பெயரே இருக்காது. நுழைவாயிலில் வாங்கிய தாளில் அந்த எண்ணைத் தேடினால் கிடைக்காது, அல்லது வேறொருவர் பெயர் இருக்கும். இவர்கள் அருகிலுள்ள மைனர் லீக் முகாமிலிருந்து, தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அன்றைக்கு மட்டும் அழைத்துவரப்பட்டவர்கள். சிலர் ஒன்பது இன்னிங்ஸும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, ஒரு பந்தைக்கூடத் தொடாமல் திரும்புவார்கள். வாய்ப்புக் கிடைத்தவன் சாதாரணமாகத் தரையில் உருளும் பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடும் ஓட்டத்தைப் பாருங்கள். எட்டு ரன் பின்தங்கிய, யாருக்கும் வேண்டாத ஆட்டத்தில் உயிரைக் கொடுத்து ஓடுவான். பெரிய அணியின் மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் அவனுக்கு இந்த ஆண்டு கிடைக்கப்போகும் ஒரே ஓட்டம் அதுவாக இருக்கலாம்.

விதிகளில் சில விசித்திரங்கள் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் சமன் என்றால் சமன்தான், கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். வெளியேற்றப்பட்ட பிட்சர் அடுத்த இன்னிங்ஸில் திரும்பவும் வந்து வீசலாம், இது உண்மையான சீசனில் நடக்கவே நடக்காது. அணியை இரண்டாகப் பிரித்து ஒரே நாளில் இரண்டு ஊர்களில் ஆடுவதும் உண்டு. அட்டவணையில் அணிப் பெயருக்குப் பக்கத்தில் இப்படிப் பிரிந்ததற்கான குறி இருந்தால், வெளியூர் போகும் பாதியில் பெரிய பெயர்களை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பொதுவாகவே வெளியூர் ஆட்டத்துக்கு மூத்தவர்கள் பஸ் ஏற மாட்டார்கள். குறைந்தது நான்கு முக்கிய வீரர்களையாவது கூட்டிப் போக வேண்டும் என்று லீகில் ஒரு விதி இருக்கிறது. யார் முக்கியம் என்பதில் மேனேஜர்கள் காட்டும் தாராளம் தனிக்கலை.

புது விதிகளை மேஜர் லீக் வெள்ளோட்டம் விடுவதும் இங்கேதான். 2023 பிப்ரவரி 25 அன்று புளோரிடாவின் நார்த் போர்ட்டில் ரெட் சாக்ஸும் பிரேவ்ஸும் 6-6 என்று சமனில் நின்றார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிக் கட்டம். எல்லா பேஸிலும் ஆள், இரண்டு பேர் அவுட், மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். மட்டை பிடித்திருந்த பிரேவ்ஸ் இளைஞர் கேல் கான்லி, வாக் கிடைத்துவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று முதல் பேஸை நோக்கிக் கிளம்பிவிட்டார். அம்பயரோ தன் கை மணிக்கட்டைக் காட்டினார். புதிதாக வந்த பிட்ச் கடிகாரத்தில் எட்டு நொடி மிச்சம் இருக்கும்போது பேட்டர் தயாராக நிற்க வேண்டும்; கான்லி நிற்கவில்லை என்று மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டார். அரங்கம் கூச்சல் போட்டது. ஆட்டம் கணக்கில் சேராததால் ஒருவருக்கும் நஷ்டமில்லை, ஆனால் ஒரே மாலையில் நாடு முழுவதற்கும் புது விதி புரிந்துவிட்டது. 2025 மார்ச்சில் இதே பாணியில், அம்பயரின் ஸ்ட்ரைக் தீர்ப்பை எதிர்த்து இயந்திரத்திடம் முறையிடும் முறையை 13 முகாம் மைதானங்களில் சோதித்தார்கள். அணிக்கு இரண்டு வாய்ப்பு. பேட்டர், பிட்சர், கேட்சர் மூவரில் ஒருவர் தன் தலையைத் தட்டிக் கேட்க வேண்டும். கிரிக்கெட்டில் டி.ஆர்.எஸ். பார்த்துப் பழகிய நமக்கு இது உடனே புரியும். பேஸ்பால் ரசிகர்கள் அதற்கே அசந்துபோனார்கள். 2026 சீசனுக்கு அந்த முறை நிரந்தரமாக ஏற்கப்பட்டது.

அரிசோனாவில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 30 அணிகளில் 15 இங்கே முகாமிடுகின்றன. கேக்டஸ் லீக் என்று பெயர். மற்ற 15 புளோரிடாவில், கிரேப்ஃப்ரூட் லீக். புளோரிடாவில் மைதானங்கள் இரண்டு கடற்கரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் நாளே போய்விடும். இங்கே பத்து மைதானங்களும் ஃபீனிக்ஸைச் சுற்றி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கார் ஓட்டும் தூரத்தில் இருக்கின்றன. மதியம் ஓர் ஆட்டம், இரவு இன்னொன்று என்று பார்ப்பவர்கள் உண்டு. காற்றை மட்டும் மனத்தில் வையுங்கள். வறண்ட காற்று, கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் உயரம். பந்து தூரம் பறக்கும், கர்வ்பால் போதிய அளவு வளையாது. இங்கே அடி வாங்கிய பிட்சரைப் புளோரிடாவில் ஜொலித்தவரோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

முகாம் இங்கே வந்த வரலாறு அவ்வளவு இனிமையானதல்ல. 1886இல் சிகாகோ அணி உடம்பில் ஏறிய குளிர்காலக் கொழுப்பைக் கரைக்க ஆர்கன்சாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போனதிலிருந்து இந்த வழக்கம் வேர்பிடித்தது. பிறகு புளோரிடா. அங்கே 1946இல் கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன் மாண்ட்ரியால் அணியோடு வந்தபோது சான்ஃபர்ட் நகரம் அவரைத் தங்கவிடவில்லை, ஜாக்சன்வில்லில் மைதானத்தைப் பூட்டிவைத்தார்கள். டேடோனா பீச் மட்டும் மார்ச் 17 அன்று ஆடவிட்டது. அந்த மைதானத்துக்கு இன்று அவர் பெயர். 1947இல் கிளீவ்லாந்து அணியை அதன் உரிமையாளர் பில் வீக் அரிசோனாவின் டூசானுக்குக் கொண்டுவந்தார், ஜயண்ட்ஸ் ஃபீனிக்ஸுக்கு வந்தார்கள். கேக்டஸ் லீக் பிறந்தது. புளோரிடாவின் நிறவெறி பிடிக்காமல்தான் வந்தேன் என்று வீக் பின்னாளில் சொன்னார். ஆனால் அவர் சேர்த்துக்கொண்ட கறுப்பின வீரர் லாரி டோபிக்கு டூசானிலும் அணியின் ஹோட்டலில் அறை கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகு கொஞ்சம் சிரிக்கலாம். கிரேப்ஃப்ரூட் லீக் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1915இல் டேடோனா பீச்சில், விமானத்திலிருந்து போடும் பேஸ்பாலைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று புரூக்ளின் மேனேஜர் வில்பர்ட் ராபின்சன் கையுறையோடு நின்றார். விமானம் ஓட்டியவர் ரூத் லா என்ற பெண்மணி. பந்தை எடுத்துவர மறந்து, கையில் கிடைத்த கிரேப்ஃப்ரூட் பழத்தைப் போட்டார். அது ராபின்சன் மார்பில் விழுந்து வெடிக்க, வழிந்த சாற்றை ரத்தம் என்று நினைத்து அவர் அலறினாராம்.

நடைமுறைக்கு வருகிறேன். ஆட்டம் பெரும்பாலும் பிற்பகல் ஒரு மணி வாக்கில் தொடங்கும். நீங்கள் காலை ஒன்பதரைக்கே போய்விடுங்கள். பெரிய மைதானத்துக்குப் பின்னால் நான்கைந்து பயிற்சித் திடல்கள் இருக்கும். பல அணிகள் ரசிகர்களை அங்கே டிக்கெட் இல்லாமலே விடுகின்றன. நேரம் அணிக்கு அணி மாறும், முந்தின நாளே பார்த்துக்கொள்ளுங்கள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பத்தடி தூரத்தில், கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் பிட்சர் ஒருவர் வீசுவது போல் பாவனை செய்துவிட்டு முதல் பேஸை நோக்கி ஓடுவார், உருட்டிவிட்ட பந்தை வாங்குவார், திரும்பி வந்து வரிசையின் கடைசியில் நிற்பார். மறுபடியும் அதேதான். பள்ளிக்கூடத்துப் பையன்கள் செய்யும் அதே பயிற்சி. பிட்சர்கள் வீசிப் பழகும் புல்பென்னில் நான்கு பேர் வரிசையாக நின்று வீசும்போது கேட்சர்களின் கையுறையில் விழும் சத்தத்தை வைத்தே யாருக்கு வேகம் அதிகம் என்று சொல்லிவிடலாம். தொலைக்காட்சியில் இது கிடைக்காது.

இடம் வாங்கும்போது மூன்றாவது பேஸ் பக்கமாக, மேல் வரிசையில் வாங்குங்கள். பெரும்பாலான மைதானங்களில் அங்கேதான் நிழல் முதலில் வரும். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் புல்மேட்டு டிக்கெட் மலிவு, குழந்தைகள் இருந்தால் அதுதான் வசதி, ஆனால் மூன்று மணி நேரமும் வெயில். மார்ச் வெயிலை ஊர்க்காரர்கள் நாம் அலட்சியப்படுத்துவது வழக்கம். இந்த வறட்சியில் வியர்ப்பதே தெரியாது, தலைவலி வந்த பிறகுதான் தெரியும். தொப்பியும் தண்ணீரும் வேண்டும். ஊரிலிருக்கும் உறவினர் யாராவது இணையத்தில் உடன் பார்க்க ஆசைப்பட்டால், இங்கே பிற்பகல் 1:05 என்பது அங்கே பின்னிரவு 1:35. அரிசோனா கடிகாரத்தைத் திருப்புவதில்லை என்பதால் இது மார்ச் முழுதும் மாறாது.

எந்த வாரம் போவது? முதல் வாரம் நட்சத்திரங்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கடைசி வாரம் 26 பேரும் ஏறக்குறைய முடிவாகியிருப்பார்கள், ஆட்டத்தில் பரபரப்பு இருக்காது. மார்ச் இரண்டாம், மூன்றாம் வாரங்கள்தான் சரி: பெரியவர்கள் ஐந்தாறு இன்னிங்ஸ் நிற்பார்கள், சின்னவர்களின் சண்டையும் முடிந்திருக்காது. உலக பேஸ்பால் கிளாசிக் நடக்கும் ஆண்டுகளில் பெயர் பெற்றவர்கள் தங்கள் நாட்டு அணிக்குப் போய்விடுவார்கள். நான் சொன்ன வகை ரசிகருக்கு அது லாபம்தான். எந்த மைதானம் என்று நண்பர்கள் கேட்டால், மெசாவில் கப்ஸ் ஆடும் ஸ்லோன் பார்க்கையும், ஓட்டானி இப்போது ஆடும் டாட்ஜர்ஸ் முகாமான கேமல்பேக் ராஞ்சையும் முதல் தடவைக்குத் தவிர்க்கச் சொல்லுங்கள். கூட்டம் அதிகம், டிக்கெட் விலையும் அதிகம். பழங்குடி மக்களின் நிலத்தில் 2011இல் கட்டப்பட்ட சால்ட் ரிவர் ஃபீல்ட்ஸ் அழகானது, டயமண்ட்பேக்ஸ், ராக்கீஸ் இரண்டு அணிகளின் பயிற்சித் திடல்களும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கூட்டமே வேண்டாம் என்றால் வாரநாளில் குட்இயர் மைதானத்துக்குப் போங்கள். கார்டியன்ஸ் ஆடினாலும் ரெட்ஸ் ஆடினாலும் பரவாயில்லை, கடைசி நிமிடத்தில்கூட நல்ல இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.